சந்தனம் பூசிய புகைப்பெட்டி

கல்கரியில் இருக்கும் என் மகனுக்கும், இதை அவனுக்கு வாசித்துக் காட்டப்போகும் என் மருமகளுக்கும்,

தம்பி, நான் அனுப்புகிற குரல் பதிவுகளை நீ இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறாய் என்ற செய்தி, மருமகள் வாய் தவறியதில் எனக்கு வந்து சேர்ந்தது. "அப்பா விஷயத்துக்கு வாறதுக்குள்ளை எனக்கு நரைச்சிடும்" என்றும் சொன்னாயாம். இருக்கட்டும். அதனால்தான் இம்முறை எழுதுகிறேன். கடிதத்தை யாரும் ஓடவிட முடியாது. அதிலும் நீ தமிழ் வாசிக்கிற வேகத்துக்கு இந்த முதல் பக்கமே உனக்கு அடுத்த பொங்கல் வரை போகும். ஆகவே மருமகள்தான் வாசிப்பாள், நீ கேட்பாய். பிள்ளை, நீ வாசிக்கிற நேரம் இவன் நடுவில் தேத்தண்ணி போடப் போகிறேன் என்று எழும்பினால் விடாதே. அங்கே நின்று போனை நோண்டுவான்.

விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த மாதம் நீங்கள் என் பேத்தியைக் கொண்டு லாசாலில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வருகிறீர்கள். அவளை நான் தூக்கலாமா கூடாதா என்பது இன்னும் முடிவாகவில்லை. முடிவெடுக்கிற உரிமை உன் அம்மாவிடம் இருக்கிறது. அவளோ அந்தப் பொறுப்பைப் பின்பக்கப் பல்கனியில் குவிந்து கிடக்கிற பனியிடம் கொடுத்துவிட்டுத் தன் பாட்டில் இருக்கிறாள். பனி உருகினால் அதற்குள் என்ன கிடக்கிறதென்று தெரியும். தெரிந்த பிறகு தீர்ப்பு. மொன்றியலில் பங்குனி வெயிலைக் கண்டு பயப்படுகிற ஒரே மனிதன் நானாகத்தான் இருப்பேன். அயலவர்கள் எல்லாம் கோட்டுப் பொத்தானைத் திறந்துவிட்டுச் சிரித்துக்கொண்டு போகிறார்கள். நான் ஜன்னல் திரையை விலக்கிப் பனியின் உயரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இதெல்லாம் தொடங்கியது நீ வீடு மாறிப் போன அந்த யூலை முதலாம் திகதியில். நகரமே வீடு மாறி, கட்டிலும் சோபாவுமாகத் தெருவில் நிற்கிற அந்த நாளில் நாங்களும் உன் சாமான்களை லொறியில் ஏற்றினோம். நீ போன பிறகு அம்மா அழுதாள். நான் அழவில்லை, பேஸ்மென்ட்டைக் கூட்டப் போனேன். அங்கே வெந்நீர்த் தாங்கிக்குப் பின்னால் ஒரு சப்பாத்துப் பெட்டி. திறந்தால் சிவப்பும் கறுப்புமாக வயர், விரல் பருமனில் ஒரு லித்தியம் பற்றறி, ஓட்டை போட்ட ஓர் அலுமினியப் பெட்டி, தலைமயிர் போன்ற கம்பிச் சுருள்கள், மாம்பழப் படம் போட்ட ஒரு சின்னப் போத்தல். என் வாழ்க்கையின் பெரும்பகுதியைப் பாண் தொழிற்சாலையில் மாவோடு கழித்தவன் நான். வயரையும் பற்றறியையும் ஒன்றாகக் கண்டால் எனக்கு வருகிற முதல் யோசனை என்னவாக இருக்கும் என்று உனக்குத் தெரியும். உடனே உனக்குப் போன் அடித்தேன்.

"தம்பி, உண்மையைச் சொல்லு. இது எங்கையும் வெடிக்கிற சாமானோ?"

"எது அப்பா?"

"சப்பாத்துப் பெட்டி."

உன் குரல் சட்டென்று பத்தாம் வகுப்புக்குப் போய்விட்டது. "ஐயோ, அது வேப் அப்பா, பற்றறியிலை புகைக்கிற சாமான். கடையிலை விக்கிறதை வாங்காமல் நானே கட்டப் பாத்தனான். முடிக்கேல்லை. இப்ப உதெல்லாம் விட்டிட்டன். எறியுங்கோ."

அன்று நான் உனக்குப் புத்தி சொன்னேன். நெஞ்சு கெட்டுப்போகும், பழக்கம் பிடித்தால் விடாது, படித்த பிள்ளை செய்கிற வேலையா என்று நெடுநேரம் சொன்னேன். நீயும் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தாய். அதைச் சொல்லி முடிக்கிற வரைக்கும் என் வலக்கையில் ஒரு சிகரெட் எரிந்துகொண்டிருந்தது. உனக்கும் அது தெரியும் என்று நினைக்கிறேன். நான் வசனத்துக்கு நடுவில் மூச்சு விட்ட விதம் அப்படி.

ஆவணி மாதத்தில் நீங்கள் நல்ல செய்தி சொன்னீர்கள். உன் அம்மா சாமியறைக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்து, முதல் வேலையாகப் பழைய அல்பத்தை எடுத்து என் மடியில் வைத்தாள். நீ குழந்தையாக இருந்த காலத்துப் படங்கள். அங்ரிஞ்ஞோன் பூங்காவில் நீ என் இடது தோளில் தொங்குகிறாய். என் வலக்கை படத்தில் இல்லை. உன் முதல் பிறந்தநாளில் கேக்குக்குப் பின்னால் நிற்கிறேன். வலக்கை முதுகுக்குப் பின்னால். முதல் முதல் பனி பார்த்த நாளில் உன்னை ஒற்றைக் கையால் அணைத்துக்கொண்டு மற்றக் கையைப் படத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறேன், பஸ்ஸை மறிக்கிறவன் மாதிரி. எல்லாப் படத்திலும் இதே கதைதான்.

"உந்தக் கை எங்கை?" என்று கேட்டாள் அம்மா.

"கமராக்காரன் வெட்டிப்போட்டான்."

"கமராக்காரி நான். சிகரெட் மணத்தோடை என்ரை பேரப்பிள்ளையைத் தொட விடமாட்டன். இப்பவே சொல்லிப்போட்டன்."

அடுத்த நாள் அவள் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து உனக்கு அடித்தேன். "தம்பி, அந்தப் பெட்டியை நான் எறியேல்லை" என்றேன். நீ சிரித்தாய். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, எனக்குப் பிடிக்காத ஒரு நிதானத்தோடு கதைத்தாய். அந்த நிதானம் அம்மாவிடமிருந்து உனக்கு வந்தது. பெட்டி வேலை செய்யத் தொடங்கினதும் சிகரெட்டைத் தொடக்கூடாது, போத்தல் சாற்றில் இருக்கிற நிக்கொட்டினை மாதத்துக்கு மாதம் குறைக்க வேண்டும், கடைசியில் பெட்டியையும் விட வேண்டும். "இது ஏறுற படியில்லை அப்பா, இறங்கிற படி. விளங்குதோ?" என்றாய். ஒரு தகப்பனுக்கு மகன் சொல்கிற வார்த்தையா என்று கோபம் வந்தது. ஆனால் நான் தலையாட்டினேன். போனில் தலையாட்டினால் தெரியாது என்று நினைவு வந்து, பிறகு ஓம் என்றேன்.

அதுவரை நீயும் நானும் போனில் கதைப்பது எப்படி இருந்தது என்று யோசித்துப் பார். சாப்பிட்டியோ? ஓம். வேலை எப்படி? பரவாயில்லை. குளிரோ? குளிர்தான். இந்தா, அம்மாவிட்டைக் குடுக்கிறன். அவ்வளவுதான். அந்தப் பெட்டி வந்த பிறகு உன் மதியச் சாப்பாட்டு இடைவேளை முழுவதும் என்னுடையதாயிற்று. நான் பேஸ்மென்ட்டில் மூக்குக் கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடி போட்டுக்கொண்டு போனைச் சாய்த்து வைப்பேன். நீ அங்கிருந்து ஒவ்வொன்றாகச் சொல்வாய். இது பற்றறி. இது பொத்தான். இந்தக் கறுப்புத் துண்டு கதவு மாதிரி. பொத்தானை அழுத்தினால் அது திறக்கும், மின்சாரம் சுருளுக்குப் போகும், சுருள் சூடாகும், பஞ்சில் ஊறிய சாறு ஆவியாகும். "பிழைச்சால் ஒண்டொண்டாப் பாருங்கோ அப்பா. எல்லாத்தையும் ஒரேயடியாக் கழட்டாதேங்கோ" என்று நீ சொல்லாத நாளில்லை. நான் எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றாத நாளுமில்லை.

முதலில் பஞ்சில் பிழைத்தது. பஞ்சு வேண்டும் என்றாய். கடைக்குப் போக அலுப்பில், அம்மாவின் சாமித்தட்டிலிருந்து விளக்குத் திரி ஒன்றை எடுத்துச் சுருளுக்குள் செருகினேன். பஞ்சு பஞ்சுதானே? அது நெய்யில் ஊறவைத்து விற்கிற திரி என்பது எனக்குத் தெரியாது. பொத்தானை அழுத்தி இழுத்தேன். கோயில் மூலஸ்தானம் முழுவதும் என் தொண்டைக்குள் இறங்கிவிட்டது. இருமின இருமலில் உன் முகம் போனில் தலைகீழாகத் தெரிந்தது. நான்தான் மேசைக்குக் கீழே போயிருந்தேன். "நெய்யோ? நெய்யோ போட்டனீங்கள்? எண்ணெய்ச் சாமான் நெஞ்சுக்குள்ளை போகக்கூடாது அப்பா! கழட்டுங்கோ உடனை!" என்று நீ கத்தினாய். உன் வேலைத்தலத்தில் பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரர்கள் உன்னைப்பற்றி என்ன நினைத்தார்களோ. அம்மாவோ இரண்டு நாளாகத் திரிகளை எண்ணிப் பார்த்துவிட்டு, வீட்டில் எலி இருக்கிறது என்று முடிவுக்கு வந்தாள்.

பிறகு பற்றறி. மேலதிகப் பற்றறியைத் தனியாக வைக்க வேண்டும், சாவியோடும் சில்லறையோடும் ஒரே பைக்குள் போடக்கூடாது என்று நீ சொன்னது என் காதில் விழுந்தது. மனதில் விழவில்லை. ஒருநாள், இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும், பெட்டி இன்னும் சரிவரவில்லையே என்ற சாட்டில் மூலைக் கடைக்குச் சிகரெட் வாங்கப் போனேன். தெப்பானர் என்று இங்கே சொல்கிற அந்தக் கடையில் நிற்கிற மனிசிக்கு என்னை நன்றாகத் தெரியும். நான் வாய் திறக்க முதலே சிகரெட் பெட்டியை எடுத்து வைப்பாள். அவள் திரும்பிக் கையை நீட்டுகிற நேரம் என் தொடை சுட்டது. காற்சட்டைப் பையில் வீட்டுச் சாவி, சில்லறை, பற்றறி மூன்றும் கூடிக் கூத்தாடின. நான் ஆடின ஆட்டத்தில் லொத்தர்ச் சீட்டுத் தட்டு விழுந்தது. "மிஸ்யூ! மிஸ்யூ!" என்று அவள் பிரெஞ்சில் கத்த, நான் பையை வெளியே இழுத்து உதறிவிட்டுச் சிகரெட்டும் வாங்காமல் ஓடி வந்தேன். காற்சட்டையில் ஒரு ஓட்டை, தொடையில் ஒரு கொப்புளம். அம்மா கேட்டதற்கு, வடை எண்ணெய் தெறித்தது என்றேன்.

"வடை சுட்டது நான். எண்ணெய் தெறிச்சது உங்களுக்கோ?"

நீ கல்கரியிலிருந்து பற்றறி வைக்கிற பிளாஸ்டிக் கூடு அனுப்பிவைத்தாய். பார்சலைத் திறந்தது அவள். இனி மறைக்க முடியாது என்று தெரிந்ததும் வாயில் வந்ததைச் சொன்னேன். குளிர் காலத்தில் கார்ப் பற்றறி செத்துப் போனால் ஸ்ராட் பண்ணுகிறதற்கு ஒரு கருவி செய்கிறேன் என்றேன். தம்பி, அவளுடைய முகத்தில் அன்று வந்த சந்தோசத்தை நீ பார்த்திருக்க வேண்டும். போன தை மாதம் அவளை வேலைக்கு நேரத்துக்குக் கொண்டுபோய் விடாத அந்தக் கார், அவளுக்கு இன்னும் ஆறாத மனக்குறை. "நீங்களோ செய்யிறியள்?" என்று கேட்டுவிட்டுக் கோப்பி போட்டுக்கொண்டுவந்து பேஸ்மென்ட்டில் வைத்தாள். எனக்கு நெஞ்சு குத்தியது. கோப்பியைக் குடித்தேன்.

புரட்டாதிக் கடைசியில் பெட்டி வேலை செய்யத் தொடங்கிற்று. ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. அரிசிமணி அளவில் ஒரு ரெசிஸ்டர் அனுப்பியிருந்தாயே, விரலை எடுத்ததும் கதவை இழுத்துச் சாத்த, அதைக் கறுப்புத் துண்டின் இரண்டு கால்களுக்கு நடுவில் ஈயம் வைத்துப் பற்றவைக்கச் சொன்னாய். அது கம்பளத்தில் விழுந்து எங்கோ போய்விட்டது. அது இல்லாமலே எல்லாம் நடந்தது. பிறகு ஏன் தேடுவான்? நீ கேட்டாய்: "அந்தக் குட்டியைப் போட்டியளோ அப்பா?" நான் சொன்னேன்: "ஓம், போட்டிட்டன்." விரலை எடுத்த பிறகும் சுருள் கொஞ்ச நேரம் சூடாகவே இருந்தது. அதை நான் பெட்டிக்கு என்மேல் உள்ள பாசம் என்று எடுத்துக்கொண்டேன்.

சரஸ்வதி பூசைக்கு வழமைபோல் பியர்பொன்ட்ஸ் பக்கம் இருக்கிற மாமா வந்தார். மருமகளுக்காகச் சொல்கிறேன், அவர் இவன் அம்மாவின் தமையன். உலகத்தில் அவருக்குத் தெரியாதது என்று ஒன்று இருந்தால் அது அவருக்கு இன்னும் தெரியவரவில்லை. நான் குளித்து வேட்டியோடு வர, சாமியறையில் எல்லாம் அடுக்கியாயிற்று. உன் பழைய பாடப் புத்தகங்கள், அம்மாவின் தையல் மெசின், கார்ச் சாவி, என் குறடு, திருப்புளி, எல்லாவற்றுக்கும் முன்னால், வெள்ளித் தட்டில், பட்டுத் துண்டின் மேல், என் பெட்டி. அதற்கு உன் அம்மா சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, ஒரு செவ்வந்திப் பூவும் சாத்தியிருந்தாள். அந்தப் பெட்டியின் முகத்தில் நடுவிலே வட்டமாக ஒரு பொத்தான் இருக்கிறதல்லவா? பொட்டு வைக்க அதைவிடத் தோதான இடம் எங்கே இருக்கிறது? தண்ணீர்ச் சந்தனத்தைத் தாராளமாகக் குழைத்து அந்த வட்டம் நிறைய அப்பியிருந்தாள். காருக்கு உதவப் போகிற கருவி என்று கூடுதலாகவே அப்பியிருந்தாள்.

"உதை ஏன் இஞ்சை வைச்சனீர்?" என்றேன்.

"ஆயுதந்தானே. நீங்கள் கையாலை செய்தது" என்றாள். அந்தப் பெருமையைக் கேட்டபிறகு, அதற்குள் பற்றறி இருக்கிறது, எடுத்துவிடும் என்று எந்த வாயால் சொல்வது?

தேவாரம் தொடங்கியது. இரண்டாவது பாட்டில் தட்டிலிருந்து மெல்லிசாக ஒரு புகை எழும்பிற்று. முதலில் எல்லோரும் சாம்பிராணி என்று நினைத்தார்கள். பிறகு மணம் வந்தது. நல்ல, கனிந்த, கறுத்தக்கொழும்பான் மாம்பழ மணம். மாமா பாட்டை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடி மூக்கை உயர்த்தினார்.

"மச்சான், மாம்பழம் படைச்சனீங்களோ?"

"இல்லை."

"தட்டிலை வாழைப்பழமும் தோடம்பழமுந்தானே கிடக்கு. அப்ப இந்த மணம் எங்காலை வருது?" அவர் குரல் தழுதழுத்தது. "தங்கச்சி, விழுந்து கும்பிடு. அம்பாள் வந்திட்டா!"

அம்மா விழுந்து கும்பிட்டாள். மாமா கும்பிட்டார். நான் மட்டும் நின்றேன். சந்தனத் தண்ணீர் பொத்தானுக்குள் இறங்கிக் கதவைத் திறந்துவிட்டது, அதை இழுத்துச் சாத்த வேண்டிய அரிசிமணி கம்பளத்துக்குள் எங்கோ கிடக்கிறது என்பது அந்த அறையில் எனக்கும் கலைமகளுக்கும் மட்டுந்தான் தெரியும். புகை தடித்தது. மாம்பழம் போய்க் கருகல் வந்தது. பட்டுத் துண்டின் ஓரம் மண்ணிறமாகிச் சுருண்டது. அம்பாளாவது ஒன்றாவது என்று நான் பாய்ந்து வேட்டித் தலைப்பால் பெட்டியைப் பொத்தி எடுத்துக்கொண்டு, விழுந்து கிடந்த மாமாவைத் தாண்டி, குசினிக்குள்ளால் ஓடி, பல்கனிக் கதவை உதைத்துத் திறந்து, மூலையில் இருந்த மண் வாளிக்குள் போட்டேன். பெட்டி உஸ் என்று சத்தம் போட்டு அடங்கியது. செவ்வந்திப் பூ என் காதில் இருந்தது.

பின்னாலேயே அம்மா வந்து நின்றாள். வாளியைப் பார்த்தாள். அந்த வாளி எதற்கு இருந்தது என்று உனக்குத் தெரியும். நான் அணைத்துப் புதைக்கிற சிகரெட் கட்டைகளுக்கு. பெட்டி விழுந்த வேகத்தில் மண் விலகி எல்லாம் மேலே வந்திருந்தன. பழையவையும் கிடந்தன, அன்று காலையில் வைத்ததும் கிடந்தது.

"உது காருக்கில்லை."

"இல்லை."

"உதுவும் புகைக்கத்தான்."

"தம்பிதான் சொல்லித் தந்தவன். சிகரெட்டை விடத்தான்..."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தினால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். நானும் இரண்டு கத்துக் கத்தியிருப்பேன். அவள் என் கைகளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். "பிள்ளையைத் தூக்க ரெண்டு கை வேணும். உங்கடை ஒரு கையிலை எப்பவும் ஏதோ ஒண்டு புகைஞ்சுகொண்டிருக்கும்" என்றாள். அதைச் சொல்லிவிட்டு, மாமாவுக்குச் சாப்பாடு போடப் போய்விட்டாள். மாமா சாப்பிட்டுக்கொண்டே கேட்டார், அம்பாள் ஏன் பின்கதவால் போனவ என்று.

அன்று பின்னேரம் நான் உனக்கு எல்லாவற்றையும் சொன்னேன். ரெசிஸ்டர் போடாததையும் சேர்த்துச் சொன்னேன். நீ சிரிப்பாய் என்றுதான் சொன்னேன். நீ சிரிக்கவில்லை. "வீடு எரிஞ்சிருந்தால்?" என்றாய். "நீங்கள் போட்டன் எண்டு சொன்னதாலைதான் நான் நிம்மதியா நித்திரை கொண்டனான் அப்பா." அந்த வார்த்தை தொடைக் கொப்புளத்தைவிட அதிகமாகச் சுட்டது. தம்பி, இந்தக் கடிதத்தில் உனக்கு ஒரு புத்திமதி இருக்கிறதென்றால் அது இங்கேதான் இருக்கிறது. இனி நீயும் ஒரு வீட்டுக்கு அப்பன். செய்யாத வேலையைச் செய்யவில்லை என்று சொல்லிவிடு. வெட்கமாகத்தான் இருக்கும், கொஞ்ச நேரத்துக்கு. செய்தேன் என்று சொன்னால் உன்னை நம்பி நித்திரை கொள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அதன் பிறகு நீ புது ரெசிஸ்டர்கள் அனுப்பினாய், ஒன்று கேட்டதற்கு ஒரு கைப்பிடி. புதுப் பெட்டி, புதுப் பற்றறி. இம்முறை அம்மாவின் கண்முன்னால், குசினி மேசையில் வைத்து ரெசிஸ்டரைப் பற்றவைத்தேன். விரலை எடுத்தால் உடனே நின்றது. வாளியை அவள் கழுவி, உள்ளே எடுத்துக் கறிவேப்பிலைக் கன்று நட்டுவிட்டாள். கார்த்திகை, மார்கழி என்று நீ சொன்னபடி படி இறங்கினேன். மார்கழிக் கடைசியில் சாற்றில் நிக்கொட்டினே இல்லை, வெறும் ஆவிதான். சிகரெட்டை முற்றாக விட்டுவிட்டேன் என்று அவளிடம் சொன்னேன். அவள் ஜன்னலால் பல்கனியைப் பார்த்தாள். வாளி போய்விட்டது, நான் கட்டை ஏதும் எறிந்திருந்தால் அங்கேதான் கிடக்கும், வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. "பனி உருகட்டும், பாப்பம்" என்றாள்.

இப்போது நான் ஏன் வெயிலுக்குப் பயப்படுகிறேன் என்பதைச் சொல்கிறேன். அந்தப் பனிக்குள் ஒன்று கிடக்கிறது. ஒன்றே ஒன்று. தையில் மருமகளைப் பிரசவத்துக்கு ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டோம் என்று நீ சொன்ன பிறகு காலையிலிருந்து மத்தியானம் வரை உன் போன் பேசவில்லை. அம்மா சாமியறையில் இருந்தாள். நான் குசினிக்கும் ஹோலுக்கும் நடந்தேன். பழைய ஜக்கெற்றின் உள்பையில் நசுங்கின சிகரெட் ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். தெரியாத மாதிரித்தான் அதுவரை இருந்தேன். அன்று அதை எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போனேன். பாதியில் இருக்கும்போது உள்ளே அம்மா "பெட்டைப் பிள்ளை! பெட்டைப் பிள்ளை!" என்று கூவினாள். கையில் இருந்ததை அப்படியே பனியில் எறிந்துவிட்டு ஓடினேன். அடுத்த நாள் தேடினேன். அதற்குள் இன்னொரு பனி விழுந்து இறுகிவிட்டது. போன கிழமை அவள் வேலைக்குப் போன நேரம் கேத்தில் கேத்திலாக வெந்நீர் ஊற்றிப் பார்த்தேன். கட்டை வெளியே வரவில்லை. தண்ணீர் உறைந்து கண்ணாடியாகிற்று, நான் சறுக்கி விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். கேட்டதற்கு, பிள்ளை வருகிறாள், பல்கனி வழுக்கக்கூடாது, அதுதான் உருக்கினேன் என்றேன். அவள் அந்தப் பளபளப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், போய் இடுப்புக்கு எண்ணெய் சூடாக்கினாள்.

மேலே உனக்குச் சொன்ன புத்திமதியை நான் எவ்வளவு தூரம் கடைப்பிடிக்கிறேன் என்று இதிலிருந்து தெரிந்துகொள்.

இன்னொன்று. மாசியில் ஒருநாள் நீ அழாக்குறையாக எனக்கு அடித்தாய். அம்மாவுக்கு அல்ல, எனக்கு. "அப்பா, பிள்ளை நிப்பாட்டாமல் அழுறாள். பாலும் குடுத்தாச்சு, துடைச்சாச்சு, தூக்கிக்கொண்டு நடந்தாச்சு, எல்லாத்தையும் ஒண்டாச் செய்து பாத்தாச்சு" என்றாய். எனக்குப் பிள்ளை வளர்ப்பைப்பற்றி ஒன்றும் தெரியாது. உன்னை வளர்த்தது அம்மா, நான் ஒற்றைக் கையால் படத்துக்கு நின்றவன். ஆனாலும் வாயில் வந்தது: "ஒண்டொண்டாப் பாரடா. எல்லாத்தையும் ஒரேயடியாக் கழட்டாதை." நீ சிரித்துவிட்டாய். பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்தாய். காலுறைக்குள் ஒரு நூல் சின்ன விரலைச் சுற்றி இறுக்கியிருந்தது. அதை அறுத்துவிட்டு நீ "அப்பா" என்று மட்டும் சொன்னாய். பெட்டியைக் கழற்றிவிட்டால் உனக்கும் எனக்கும் கதைக்க ஒன்றும் இருக்காதே என்று மார்கழி முழுவதும் எனக்குள் ஒரு கவலை இருந்தது. அன்று அது போய்விட்டது. அன்றைக்கே பெட்டியைக் கழற்றினேன். பற்றறியின் இரண்டு முனைக்கும் ஒட்டுநாடா ஒட்டி, பழைய பற்றறி சேர்க்கிற பெட்டியில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டேன். அந்த இடத்துக்குப் பஸ்ஸில் போனேன். பஸ்ஸுக்குள் இரண்டு கையையும் எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

இவ்வளவையும் எழுதி மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டுப் பனிக்காகக் காத்திருந்தேன். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் வெயில் பிளந்து கட்டியது. இன்று சனிக்கிழமை காலை எழும்பிப் பார்க்கிறேன், பல்கனிக் கதவு திறந்திருக்கிறது. உன் அம்மா என் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே குந்தியிருக்கிறாள். ஈரப் பலகை. ஒரு மூலையில் கையளவு பனி. அவள் விரலிடுக்கில் பாதி எரிந்த ஒரு கட்டை.

மூலை முடுக்கெல்லாம் பார்த்துவிட்டாள் என்று தெரிந்தது. வேறு ஒன்றும் இல்லை என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. வெந்நீர்க் கதை, கமராக்காரன் கதை எல்லாம் தொண்டை வரை வந்தன. என்னை நம்பி நீ கொண்ட நித்திரையை நினைத்துக்கொண்டேன்.

"பேத்தி பிறந்த அண்டைக்கு" என்றேன். "தம்பியின்ரை போன் வேலை செய்யேல்லை. பயமா இருந்தது."

அவள் அந்தக் கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கும் பயமாத்தான் இருந்தது. சாமியறையிலை இருந்து ஒரு தேவாரமும் வாயிலை வரேல்லை. நீங்கள் பக்கத்திலை வந்து இருப்பியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்" என்றாள். தம்பி, இத்தனை வருடத்தில் என்னை யாரும் இப்படி ஏசினதில்லை.

பிறகு எழும்பி, கட்டையை ஒரு கடதாசியில் சுற்றிக் குப்பையில் போட்டாள். "கையைக் காட்டுங்கோ" என்றாள். நீட்டினேன். வலக்கையை முகர்ந்தாள், இடக்கையை முகர்ந்தாள், திரும்பவும் வலக்கையை முகர்ந்தாள். உள்ளே போனாள். முடிந்தது கதை என்று நான் நிற்க, குசினியிலிருந்து சிவப்பரிசிப் பை ஒன்றைத் துவாயில் சுற்றிக்கொண்டு வந்து என் கையில் வைத்தாள்.

"தலைக்குக் கீழை ஒரு கை. முதுகுக்குக் கீழை மற்றக் கை. உப்பிடியில்லை. நெஞ்சோடை அணையுங்கோ."

காலையிலிருந்து அந்த அரிசியைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க நடக்கிறேன். ஒருதரம் கீழே போட்டுவிட்டேன். அவள் பார்க்கவில்லை, ஆனாலும் போய்ச் சொல்லிவிட்டேன். இதை எழுதுவதற்காகப் பையைச் சோபாவில் கிடத்தியிருக்கிறேன், உருண்டு விழாமல் இரண்டு பக்கமும் தலையணை வைத்து. வரும்போது கமராவைக் கொண்டு வா. படம் எடுக்கிறவள் அம்மாதான். இம்முறை அவள் ஒன்றையும் வெட்டத் தேவையில்லை. இரண்டு கையும் படத்துக்குள்ளேயே இருக்கும், இரண்டும் நிறைந்திருக்கும். கெதியாக வாருங்கள்.

அரிசியோடு நிற்கும்,
அப்பா